நீங்கள் ஆபீஸ் போன பிறகு உங்கள் நாய் வீட்டில் என்ன செய்கிறது? தனிமையை அதற்கு எப்படி எளிதாக்குவது?

காலை ஒன்பது மணி. லேப்டாப் பை தோளில், ஹெல்மெட் ஒரு கையில், சாவி இன்னொரு கையில். கதவருகே நிற்கும் உங்களையே நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. "சீக்கிரம் வந்துடுவேன்டா, சமத்தா இரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள். மாலை ஏழு மணிக்குத் திரும்பினால் சோபாவின் ஒரு மூலையிலிருந்து பஞ்சு வெளியே வந்து கிடக்கிறது. ஜோடிச் செருப்பில் ஒன்றைக் காணோம். அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில், மதியத்திலிருந்து குரைப்புச் சத்தம் தாங்க முடியவில்லை என்று ஒரு மெசேஜ், அதற்குக் கீழே நாலைந்து கட்டைவிரல்கள்.

முதலில் கோபம் வரும், அப்புறம் குற்ற உணர்ச்சி. அன்று ராத்திரியே ஆன்லைனில் மூன்று பொம்மைகள் ஆர்டர் போடுவீர்கள். இரண்டு வாரத்தில் அந்த மூன்றும் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும்.

பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை என எல்லா ஐடி நகரங்களிலும் இந்தக் காட்சி இப்போது சகஜம். 2020 ஊரடங்கில் வீட்டிலேயே வேலை பார்த்த காலத்தில் நாய் வளர்க்க ஆரம்பித்தவர்கள் பலர். அந்த நாய்களைப் பொறுத்தவரை வீடு என்றாலே எப்போதும் ஆள் இருக்கும் இடம். பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டும் என்று மெயில் வந்தது. மெயில் உங்களுக்கு வந்தது, நாய்க்கு வரவில்லை. ஆபீஸ்கள் திறந்த பிறகு, வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிய செய்திகளும் வந்தன. அவர்களில் எத்தனையோ பேர் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திணறியவர்கள்.

பொம்மை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் வீடியோ எடுங்கள்

வீட்டில் பழைய போன் ஒன்று கிடக்கும். அதை சார்ஜில் போட்டு, ஹால் முழுக்கத் தெரிகிற மாதிரி டிவி ஸ்டாண்டில் சாய்த்து வையுங்கள். அதிலிருந்து உங்கள் போனுக்கு ஒரு வீடியோ கால் போட்டு, உங்கள் பக்கம் மியூட் செய்துகொள்ளுங்கள். வழக்கம்போலக் கிளம்புங்கள். மெட்ரோவிலோ கேபிலோ உட்கார்ந்து முதல் அரை மணி நேரத்தையாவது முழுதாகப் பாருங்கள். கேமரா வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் இதற்கு அது கட்டாயமில்லை.

நாய் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரத்தைத் தூங்கித்தான் கழிக்கிறது. நீங்கள் இல்லாத பொழுதில் அது தூங்குவது சோகத்தால் அல்ல, அதன் இயல்பே அப்படி.

இரண்டாவது வகை: முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது. தூங்கி எழுந்த பிறகு ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடக்கும், எதையாவது இழுத்து வந்து கடிக்கும், லிஃப்ட் சத்தம் கேட்டால் குரைக்கும், திரும்பப் படுக்கும். இது போர் அடிக்கிற நாய்.

மூன்றாவது வகையைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும். கதவு சாத்திய சில நிமிடங்களிலேயே மூச்சிரைக்க ஆரம்பிக்கும், எச்சில் ஒழுகும், ஊளையிடும், நீங்கள் வெளியே போன அந்தக் கதவையே பிராண்டும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கவே கழிக்காத நாய், அங்கேயே கழித்துவிடும். இது போர் அல்ல, பயம். செப்பரேஷன் ஆங்சைட்டி என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தமிழில் பிரிவுப் பதற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிமையான ஒரு சோதனை உண்டு. அதற்கு மிகவும் பிடித்த ஏதாவது ஒன்றை, வேகவைத்த சிக்கன் துண்டு என்று வையுங்களேன், வைத்துவிட்டுக் கிளம்புங்கள். போர் அடிக்கிற நாய் நீங்கள் லிஃப்டில் இறங்குவதற்குள் அதைத் தீர்த்துவிடும். பயந்துபோன நாய் தொடாது. நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் சாப்பிடும். பயத்தில் இருக்கும் நாய்க்கு எத்தனை பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் பயன் இல்லை. அதற்கு வேறு வழி, அதைக் கீழே பார்ப்போம்.

"தப்பு பண்ணிட்டேன்னு அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்று சிலர் சொல்வார்கள். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைச் சுருட்டி நிற்கும் அந்த முகத்தை அமெரிக்காவின் பர்னார்ட் கல்லூரி ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சோதித்துப் பார்த்தார். நாய் உண்மையிலேயே தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகபாவத்துக்கும் சம்பந்தம் இல்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது, ஒன்றுமே செய்யாத நாய்க்கும் வந்தது. ஆக, ஏழு மணிக்கு வந்து நீங்கள் திட்டுவதை, மதியம் இரண்டு மணிக்குக் கடித்த செருப்போடு அது இணைத்துப் பார்ப்பதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: சாயந்திரம் கதவு திறந்தால் சத்தம் வரும்.

நாய்க்கு ஏன் போர் அடிக்கிறது?

உங்கள் தெருவில் இருக்கும் நாட்டு நாயை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து ரவுண்ட்ஸ் கிளம்பிவிடும். ஒவ்வொரு கேட்டாகப் போய் மோந்து பார்க்கும். டீக்கடை வாசலில் பிஸ்கட் கிடைக்குமா என்று நிற்கும். குப்பைத் தொட்டியில் பார்சல் கவரைக் கிளறும். கம்பத்தில் நேற்று யார் வந்து போனார்கள் என்று படிக்கும். வெயில் ஏறியதும் ஏதோ ஒரு காருக்கு அடியில் போய்த் தூங்கும். வயிற்றுக்குத் தேடுவதுதான் அதன் முழுநேர வேலை.

வளர்ப்பு நாய்களுக்கும் அந்த வேலை ரத்தத்தில் இருக்கிறது. பீகிள், முயலின் வாசனையைத் தரையில் முகர்ந்துகொண்டே மைல்கணக்கில் தொடர்வதற்காக உருவான இனம். லேப்ரடாரின் வேலை, வேட்டையில் விழுந்த பறவையை வாயில் கவ்விக்கொண்டு வருவது. உங்கள் சாக்ஸை அது ஏன் வாயிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறது என்று இப்போது புரியும். நம்ம ஊர் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. பொட்டல் காட்டில் பாய்ந்து ஓட வேண்டிய சிப்பிப்பாறையை ஒயிட்ஃபீல்டில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு துறுதுறுன்னு இருக்கு" என்று நாம் கேட்கிறோம்.

இப்படிப்பட்ட பிராணிக்கு நாம் எப்படிச் சாப்பாடு போடுகிறோம்? எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டி வைக்கிறோம். ஒரே நிமிடத்தில் காலி. தெருநாய் அரை நாள் உழைத்து முடிக்கும் வேலையை நம் நாய் அறுபது வினாடியில் முடித்துவிட்டு, மிச்ச நாள் முழுக்க வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சோபாவைப் பிரித்துப் பார்ப்பது அது தானாகவே தேடிக்கொண்ட வேலை.

அதனால் எந்த பொம்மையையும்விட முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கிண்ணத்தை. ஆபீஸ் போகும் நாட்களில் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். காலைச் சாப்பாட்டை அது தேடிக் கண்டுபிடித்துச் சாப்பிடட்டும்.

பணியாரச் சட்டி முதல் முட்டை அட்டை வரை

இதற்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

தொடங்குவதற்கு எளிதானது பழைய குளியல் துண்டு. தரையில் விரித்து, கிபிள் எனப்படும் உலர் உணவைத் தூவி, பாய் மாதிரிச் சுருட்டிவிடுங்கள். மூக்கால் தள்ளித் தள்ளிப் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டால் துண்டில் ஒரு தளர்வான முடிச்சுப் போடுங்கள். துணியைக் கிழித்து விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து நீங்கள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத இரும்புப் பணியாரச் சட்டி இருக்கிறதா? குழிகளில் உணவைப் போட்டுத் தரையில் வையுங்கள். கனமாக இருப்பதால் நகராது. ஒவ்வொரு குழியாக நாக்கை விட்டு எடுக்க வேண்டும், அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கு வேகம் தானாகக் குறையும். நான்ஸ்டிக் சட்டி வேண்டாம், நகம் பட்டால் பூச்சு உரியும்.

முட்டை வாங்கும்போது வரும் காகித அட்டையும் அப்படியே. குழிகளில் போட்டு மேலே இன்னொரு அட்டையைக் கவிழ்த்துவிடலாம். ஆன்லைன் ஆர்டரில் வரும் அட்டைப் பெட்டிக்குள் கசக்கிய பேப்பரையும் உணவையும் கலந்து போட்டால், நாய் அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடும். கிழிக்கட்டும், அதுதானே வேண்டும்? சோபா தப்பிக்கிறது. முன்கூட்டியே டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் வித்தை இணையத்தில் பிரபலம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சரி, தனியாக இருக்கும் நாய்க்கு அது ஆகாது. கடித்தால் கூரான சில்லுகளாக உடையும், மூடி தொண்டையில் சிக்கும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் உள்ளே குடைவான கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று போதும். கோங் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகையில் முன்னோடி. அது பிறந்த கதை சுவாரசியமானது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பழைய ஃபோக்ஸ்வேகன் வேனை அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை நாய் விடாமல் கடித்தது. அந்த வடிவம்தான் இன்றைய பொம்மை. வாயில் முழுதாக நுழைந்துவிடாத அளவில் வாங்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள்.

அதற்குள் என்ன அடைப்பது? தயிர் சாதம்! உப்பு, கடுகு, மிளகாய், பெருங்காயம் எதுவும் இல்லாத வெறும் தயிரும் குழைந்த சாதமும். பால் பொருள் ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி, கேரட், உப்பில்லாத சிக்கன். அடைத்து, முந்தைய நாள் ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் கல் மாதிரி இருக்கும். நக்கி நக்கி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் இது ஐஸ்கிரீமும்கூட. இந்தச் சாப்பாட்டை அன்றைய அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் டாக்டர் உங்களைத் திட்டுவார்.

திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் சேர்த்த எதுவும் நாய்க்கு விஷம். பீநட் பட்டர் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். சமைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும், தனியாக விட்டுப் போகும்போது கண்டிப்பாகக் கூடாது. எதையும் முதல் தடவை கொடுக்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கொடுங்கள். எப்படிக் கடிக்கிறது, விழுங்கப் பார்க்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு வேலை நாளுக்கு மாற்றலாம்.

பொம்மைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றனவா? எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் கட்டி மேலே போடுங்கள். நாளுக்கு இரண்டு மட்டும் வெளியே வரட்டும். பத்து நாள் கழித்து வரும் பழைய பொம்மை புதுசு மாதிரிதான்.

காலை வாக்கிங்: தூரம் முக்கியமில்லை

நீங்கள் இல்லாத எட்டு மணி நேரம் எப்படிப் போகும் என்பதில் பாதியை, கிளம்புவதற்கு முந்தைய முக்கால் மணி நேரமே தீர்மானித்துவிடுகிறது. நம்மில் பலர் காலையில் நாயை வெளியே கூட்டிப்போவது பாத்ரூம் வேலைக்காக மட்டும். அது முடிந்ததும், "வா வா, டைம் ஆச்சு" என்று கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம். அது ஒரு கம்பத்தருகே நின்று மோப்பம் பிடித்தால் எரிச்சல் வருகிறது.

மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நீங்கள் காலையில் போனை ஸ்க்ரோல் செய்வது மாதிரி அது கம்பத்தைப் படிக்கிறது. 2019ல் ஷார்லட் டுராண்டன், ஹோரோவிட்ஸ் இருவரும் வளர்ப்பு நாய்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு மோப்பம் பிடித்து உணவைத் தேடும் பயிற்சி, மற்றொன்றுக்கு உரிமையாளரின் காலை ஒட்டி ஒழுங்காக நடக்கும் பயிற்சி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது மோப்பம் பிடித்த நாய்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி அதிக நம்பிக்கையோடு போயின. எதையும் நல்லதாகவே எதிர்பார்க்கும் மனநிலை அது.

அதனால் காலையில் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால், வேகமாக இரண்டு கிலோமீட்டர் நடப்பதைவிட நீளமான கயிற்றோடு ஒரே தெருவில் அது போகும் பக்கம் நீங்கள் போவது மேல். ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி மாதிரியான நாய்களுக்கு ஓட்டமும் வேண்டும், அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் அடங்கிய பிறகு உணவுப் புதிரை வைத்துவிட்டுக் கிளம்பினால் வேலை முடிந்த களைப்பில் அதுவே தூங்கப் போகும்.

டிவி, பாட்டு, இன்னொரு நாய்?

நாய்களுக்கென்றே யூடியூபில் பல மணி நேர வீடியோக்கள் இருக்கின்றன. சில நாய்கள் பார்க்கும், பல நாய்கள் பார்க்காது. உங்கள் வீடியோவில் அது டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் கரண்ட் பில்லை மிச்சப்படுத்துங்கள். சத்தத்துக்கு வேறு ஒரு பயன் உண்டு, லிஃப்ட் மணியையும் பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லையும் அது மறைக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்தின் விலங்குகள் காப்பகம் ஒன்றும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், காப்பக நாய்கள் சாஃப்ட் ராக், ரெகே இசைக்கு அதிகம் அமைதியடைந்தன. ஆனால் ஒரே வகை இசை தொடர்ந்து ஒலித்தால் அதன் பலன் குறைந்துவிடும் என்பதால் மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். இளையராஜாவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நீங்கள் பார்க்கலாம்.

துணைக்கு இரண்டாவது நாய் வாங்குவது பற்றி: இரண்டு நாயையும் உங்களுக்குப் பிடித்திருந்தால், இடமும் பணமும் இருந்தால் வாங்குங்கள். முதல் நாயின் பதற்றத்துக்கு மருந்தாக வாங்காதீர்கள். அது தேடுவது உங்களை. இரண்டு நாய் சேர்ந்து ஊளையிடுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

பயப்படும் நாய்க்கு என்ன செய்வது?

வீடியோவில் நீங்கள் பார்த்தது அந்த மூன்றாவது வகை என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது சிறுநீர்ப் பாதைத் தொற்றாகவும் இருக்கலாம், அதை முதலில் ஒதுக்க வேண்டும்.

பயிற்சியின் அடிப்படை எளிமையானது, பொறுமைதான் அதிகம் வேண்டும். நாய் பயப்படத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே திரும்பி வந்துவிடுவது. அதாவது கதவைத் திறந்து வெளியே போய், ஐந்து வினாடியில் உள்ளே வாருங்கள். நாய் அமைதியாக இருந்தால் பத்து வினாடி, பிறகு அரை நிமிடம். பதறினால் பின்வாங்கிப் பழைய நேரத்துக்கே போங்கள். முதல் அரை மணி நேரத்தைத் தாண்ட வாரக்கணக்கில் ஆகலாம். அதைத் தாண்டினால் அடுத்தடுத்த மணி நேரங்கள் கொஞ்சம் வேகமாக வரும். இடையில் சாவியைக் கையில் எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்து டீ குடியுங்கள். ஷூ போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். சாவிச் சத்தம் என்றால் பிரிவு என்று அது கட்டிவைத்திருக்கும் கணக்கு குழம்ப வேண்டும்.

இதில் உள்ள சிக்கல் உங்களுக்கே தெரியும். பயிற்சி நடக்கும் வாரங்களில் அதை எட்டு மணி நேரம் தனியாக விட்டால் அதுவரை செய்தது எல்லாம் வீண். அந்த வாரங்களுக்கு வீட்டிலிருந்து வேலை கேட்டு மேனேஜரிடம் பேசுவதோ, ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பதோ, நண்பர் வீட்டில் விடுவதோ ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். தீவிரமாக இருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். "நாய்க்கு மனநோய் மாத்திரையா" என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், பொருட்படுத்தாதீர்கள். பயம் கொஞ்சம் இறங்கினால்தான் பயிற்சி மண்டைக்குள் போகும். அவர் சொல்லாமல் மனிதர்களுக்கான எந்தத் தூக்க மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது நாயைக் கண்டுகொள்ளாமல் போக வேண்டும் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் 2018ல் 10 நாய்களோடு நடந்த சிறிய ஆய்வு ஒன்று, பிரிவதற்கு முன் மென்மையாகத் தடவிக் கொடுக்கப்பட்ட நாய்கள் அமைதியாகக் காத்திருந்ததாகச் சொல்கிறது. பிரிவுப் பதற்றம் இல்லாத நாய்கள் அவை. பத்து நாயை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் கழுத்தைத் தடவிவிட்டுப் போவதால் நாய் கெட்டுவிடாது. கட்டிப்பிடித்து அழுது டாட்டா காட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் விடலாம்?

ஸ்வீடனில் 2011ல் வெளியான ஓர் ஆய்வில் 12 நாய்களை அரை மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று தனியாக விட்டுப் படம்பிடித்தார்கள். அரை மணியைவிட இரண்டு மணி நேரம் கழித்து வந்தவரை நாய்கள் அதிக உற்சாகத்தோடு வரவேற்றன, வாலாட்டல் அதிகம், தன் உதட்டை நக்கிக்கொள்வது அதிகம். அது நேரம் போவதை உணர்கிறது, அல்லது நீங்கள் இல்லாததையாவது உணர்கிறது. அந்நாட்டு விதிகளின்படி, பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும்.

பெங்களூருவில் எட்டு மணி நேர வேலையோடு அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கையும் சேர்த்தால் பத்து, பதினொரு மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தை எந்தப் பொம்மையாலும் நிரப்ப முடியாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும் நாய்க்குப் புதிர் விளையாட மூடு இருக்காது. நடுவில் ஒரு மனிதர் வந்துதான் ஆக வேண்டும். அது டாக் வாக்கராக இருக்கலாம், டே கேர் ஆக இருக்கலாம், உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவாகவும் இருக்கலாம். நாய் என்றால் அவருக்குப் பயம் இல்லை என்றால், காலை எட்டு மணிக்குப் பதில் மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லி, கீழே ஒரு சுற்றுக் கூட்டிப்போக, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே அபார்ட்மென்டில் நாய் வளர்க்கும் இன்னொருவரோடு, "செவ்வாய் புதன் நான், வியாழன் நீங்க" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இன்னும் மலிவு.

குட்டியாக இருந்தால் கணக்கே வேறு. மூன்று மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று, நான்கு மணி நேரம்தான் அடக்க முடியும். தினமும் ஆபீஸ் போகிறீர்கள், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றால் குட்டியாக வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். காப்பகத்திலிருந்து மூன்று, நான்கு வயது நாயைத் தத்தெடுப்பது உங்களுக்கும் அதற்கும் எளிது.

வெயிலும் பால்கனியும்

நீங்கள் ஏசி ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் விழாத அறை, வெறும் தரை, கவிழ்க்க முடியாத கனமான பாத்திரத்தில் இரண்டு இடங்களில் தண்ணீர். பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டுப் போகவே கூடாது. தாண்டிக் குதித்தால் கயிறே எமன், கட்டாமல் விட்டால் உயரம். கொசுவிரட்டி ரீஃபில், மாத்திரை அட்டை, சார்ஜர் ஒயர் எல்லாம் மேலே போகட்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுப் போனால் எதிலாவது மாட்டி இறுகும் ஆபத்து இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால்?

"நாயை வெளியே அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்று அசோசியேஷன் சொல்ல முடியுமா? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்திக்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. குரைப்பது நாயின் இயல்பான வெளிப்பாடு என்றும் அதில் இருக்கிறது. அதோடு, விடாமல் குரைப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்பதால் அதை அடக்க வளர்ப்பவர் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், குறிப்பாக இரவில், என்றும் இருக்கிறது. குரூப்பில் சண்டை போடுபவர்கள் முதல் பகுதியை மட்டும் ஃபார்வர்ட் செய்வார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11வது பிரிவில், வழக்கமாகக் கட்டிவைத்தோ அடைத்துவைத்தோ வளர்க்கப்படும் நாய்க்கு உரிமையாளர் போதிய நடைப்பயிற்சி தராமல் விடுவதையே வதை என்று குறிப்பிடுகிறது. நாயைக் கைவிடுவதும் அதே பிரிவில் வருகிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த, கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தொகை மாறவில்லை, இன்று ஒரு காபியின் விலைகூட வராது.

சட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டுங்கள். எந்த நேரத்தில் குரைப்பு அதிகம் என்று கேளுங்கள். அங்கே ஒரு கைக்குழந்தை மதியம் இரண்டு மணிக்குத் தூங்குகிறது என்று அப்போதுதான் தெரியவரும். உங்கள் நம்பரைக் கொடுத்து, "குரூப்ல போடாதீங்க, எனக்கு நேரா மெசேஜ் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அவர் சொன்ன நேரத்தை உங்கள் வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை மணிக்கு வரும் டெலிவரி பையனின் காலிங் பெல்தான் தினமும் ஆரம்பப் புள்ளி என்று தெரிந்தால், பார்சலை செக்யூரிட்டியிடம் விடச் சொல்லி ஆப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.